போணிக்கு முன் ஒரு கங்கு

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழர்கள் குழுவில் 'மகிழ்ச்சியாக வாழப் பத்து வழிகள்' என்று ஒன்று வந்தது. அனுப்பியவர் யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அதே பத்து வழிகள் மறுநாள் இன்னொருவரிடமிருந்து வந்தன. மூன்றாம் நாள் ஒருவர் அதைத் தன் குரலிலேயே படித்து அனுப்பிவிட்டார், பின்னணியில் புல்லாங்குழல் வேறு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து இந்த மாதிரிச் செய்திகள் எனக்கு அதிகமாக வருகின்றன. காரணம் புரியாமல் இல்லை. கோபமும் இல்லை.

பத்தையும் படித்தேன். அதிகாலையில் எழ வேண்டும். எழுகிறேன், தூக்கம் வராதவள் வேறென்ன செய்வாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குன்னூர்க் குளிரில் குடித்துப் பாருங்கள், பிறகு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசலாம். தினமும் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட வேண்டுமாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தயிர் ஆகாது, ஒரு கரண்டி உள்ளே போனால் மூன்று நாள் இருமல், ஆகவே அந்த வழி எனக்கு அடைபட்டுவிட்டது. பத்தாவது வழி, பிறருக்கு உதவுங்கள் என்பது. எப்படி என்று அதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூங்கொத்துப் படம் மட்டும் இருந்தது.

எப்படி என்பதற்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். நாம் கப்பலில் வந்து சேர்ந்த வருஷத்து மழைக்காலத்தில் கண்டது. உங்களில் பாதிப் பேர் எனக்கு முன்னும் பின்னுமாக அதே கப்பலில் வந்தவர்கள். ஆகவே பாதிக் கதை உங்களுக்குத் தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, முகாமில் சில மாதங்கள் கிடந்து, கடைசியில் நீலகிரியில் சேரங்கோட்டுப் பக்கம் ஒரு புதுத் தோட்டத்தில் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டை வெட்டித் தேயிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம். இரண்டு அறை வீடு ஒன்று கொடுத்தார்கள். மேலே கல்நார்த் தகடு, சுவரில் சுண்ணாம்பு வாசனை கூடப் போகவில்லை. இலங்கையில் லயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே நீளக் கூரையின் கீழே, குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக இருந்தோம். அடுத்த காம்பராவில் குழந்தை தும்மினால் எங்கள் காம்பராவிலிருந்து 'நூறு' என்போம். இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி மண். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை.

"தனி வீடு புள்ள, தனி வீடு" என்று சுவரைத் தட்டித் தட்டி அம்மாவுக்குக் காட்டினார்.

அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் திருப்பித் தட்டவில்லை.

லயத்தில் திருப்பித் தட்டுவதற்குப் பெரியம்மா இருந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, அடுத்த காம்பரா. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே மலையில் கொழுந்து பறித்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அந்த நாடு, ஒருத்திக்கு இந்த நாடு என்று காகிதம் வந்தது. எதை வைத்து அப்படிப் பிரித்தார்கள் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. பெரியவர்கள் அதைக் கேட்டதாகவும் ஞாபகமில்லை. காகிதம் வந்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லயத்தில் முதல் அடுப்பு எங்களுடையது. விடியும் முன்னே அம்மா எழுந்து, ஒரே தீக்குச்சியில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பிறகு பிஸ்கட் டின் மூடி ஒன்றில் தணலாகக் கனியும் கங்கு இரண்டை அள்ளிச் சுவரைத் தட்டுவாள். அந்த மூடியில் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியில் பிடி கட்டியிருக்கும். பெரியம்மா வந்து வாங்கித் தன் அடுப்பை மூட்டி, அங்கிருந்து அடுத்த காம்பரா, அதிலிருந்து அடுத்தது என்று கடைசிக் காம்பரா வரை அந்த மூடி போய்வரும். பன்னிரண்டு அடுப்புக்கும் ஒரு தீக்குச்சி. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த வீட்டுக்கென்று எடுத்த கங்கைத் திருப்பி அடுப்பில் போடக் கூடாது, அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும். வாங்க வேண்டியவர்கள் நோயில் படுத்திருந்தால் நாமே கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் கொட்டிவிட்டு வருவோம். அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுகப் போவதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. முதல் அடுப்புக்காரி மகள் இல்லையா.

கப்பலில் மூட்டைக்கு அளவு வைத்திருந்தார்கள். நல்ல பித்தளை அண்டாவை விட்டுவிட்டு வந்தோம், தையல் மிஷினை விட்டுவிட்டு வந்தோம். மண்டபம் முகாமில் மூட்டையைப் பிரித்தால் புடவைகளுக்கு நடுவில் கரிபிடித்த பிஸ்கட் டின் மூடி.

"அண்டாவ விட்டுட்டு ஓட்டத் தகரத்தக் கப்பலேத்திக் கொண்டாந்திருக்கா பாரு" என்று அப்பா முகாம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் அப்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று ஆகிவிடுமோ என்று நான் பயந்த காலம் ஒன்று பின்னால் வந்தது.

புது வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அம்மா பேச்சைக் குறைத்தாள். மூன்றாம் வாரம் அடுப்படிக்குப் போவதை விட்டாள். காலையில் எழுந்து சுவரோரம் உட்காருவாள், சாயங்காலம் அதே இடத்தில் படுப்பாள். இரண்டு வயதுத் தங்கச்சி வந்து மடியில் ஏறினால் தடுக்கமாட்டாள், அணைக்கவும் மாட்டாள். சமையல் என் தலையில் விழுந்தது. அந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். விறகு, சுவர், தலையணை எல்லாம் ஈரம். காலிடுக்கில் அட்டை. ஓர் அடுப்புப் பற்றவைக்க எட்டுக் குச்சி கிழிப்பேன், ஒன்பதாவதில் பற்றினால் உண்டு. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு புகைக்குள் நிற்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் உங்கள் சத்தம் மேட்டில் கேட்கும். உங்கள் மேல் எனக்கு அப்போது இருந்த எரிச்சலை இப்போது சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும்.

உதவி செய்ய வராதவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் தாயத்து மந்திரித்துக் கட்டினார். வயதான ஒருவர், நாலு பேர் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். அப்பாவும் கெஞ்சினார், ஒருநாள் கத்தினார், அன்றைக்கே வெளியில் போய் அழுதார். அம்மா கஞ்சியை வாங்கிக்கொண்டாள், தாயத்தைக் கட்டிக்கொண்டாள், மனதைத் தேற்றிக்கொள்வதாகத் தலையாட்டினாள். திரும்பச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் தோட்டத்து மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர், குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஏனுங்க, ஊட்டுக்கு ரெண்டாளு பேரு பதியணும்னு சொல்லித்தானுங்க ஊடு குடுத்தாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறோமுங்க. அதுக்குள்ள ஊட்டுக்காரம்மா காத்தால மஸ்டருக்கு வந்து பேரு குடுக்கலீன்னா ஊடு அடுத்த குடும்பத்துக்குப் போயிருமுங்க. எங்கையில ஒண்ணுமில்லீங்க."

"அப்ப நாங்க எங்கிட்டுங்க போறது?" என்றார் அப்பா.

மேஸ்திரி குடையைச் சுழற்றிப் பார்த்தார். திரும்ப முகாமுக்குத்தான் என்று எங்களுக்கே தெரியும். மேஸ்திரி சொன்னது அம்மா காதிலும் விழுந்தது. விழுந்தும் அவள் எழவில்லை. எழ முடியாமல்தான் இருந்தாள் என்று இந்த ஒரு வருஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் வீம்பு செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பாத்திரங்களை நங்கென்று வைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருந்தது. அதை வைத்திருந்தவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், அவர்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னார். மாமனார் காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். கணவர் இறந்துவிட்டார், மகளைச் சமவெளியில் கட்டிக்கொடுத்துவிட்டார். முன்னால் கடை, பின்னால் ஒற்றை அறையும் அடுப்படியும். கருவாடும் மண்ணெண்ணெயும் வெல்லமும் கலந்து ஒரு வாசனை வரும். தீப்பெட்டிக் கட்டுகளைச் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார், மழையில் நமுத்துப் போகாமல் இருக்கக் கீழே ஒரு சிம்னி விளக்கு எரியும். கடையில் எப்போதும் ஆள் நிற்பதால் அவரைத் தனி ஆள் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் உப்பு வாங்கப் போனேன்.

"ஏனம்மிணி, பள்ளிக்கோடம் போறதில்லியா?"

"அம்மாவுக்கு முடியல அத்தை."

என்ன செய்கிறது என்று அடுத்துக் கேட்பார், எல்லோரும் கேட்பார்களே என்று காத்திருந்தேன். அவர் உப்பை அளந்துகொண்டே வேறு மாதிரி கேட்டார்.

"அங்க இருக்கறப்ப உங்கம்மா எப்படிக் கண்ணு இருப்பாங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் முதல் அடுப்பைச் சொன்னேன், ஒற்றைத் தீக்குச்சியைச் சொன்னேன், தகர மூடியைச் சொன்னேன், எடுத்த கங்கைத் திருப்பிப் போடமாட்டோம் என்பதையும் சொன்னேன். பெருமையில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன், பன்னிரண்டு காம்பராவைப் பதினெட்டு ஆக்கினேன் என்று நினைவு. அத்தை "ஓ" என்றார். அவ்வளவுதான். ஒரு வெல்லத் துண்டு கொடுத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் நெருப்புக் கெடைக்குமுங்களா?"

கதவைத் திறந்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் கொட்டாங்குச்சியோடு அத்தை.

"கடையில தீப்பெட்டி தொங்குதே அத்தை" என்றேன்.

"அதெப்படி கண்ணு. போணியாகாம கடைச் சாமான்ல நான் கை வெக்கமாட்டன். மொத ஏவாரம் ஆனதுக்கப்பறந்தான் ஒரு தீக்குச்சின்னாலும் எனக்கு. எங்க மாமனாரு காலத்துலருந்தே அப்படித்தான்."

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அடுப்பு இன்னும் பத்த வைக்கல."

"பரவால்லீங்க. பத்த வெக்கற வரைக்கும் இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு அத்தை வாசற்படியில் உட்கார்ந்தே விட்டார். மழை அவர் முதுகில் சாரலடித்தது. அசையவில்லை.

நான் அடுப்படிக்கு ஓடி என் வழக்கப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று குச்சி கிழித்துக்கொண்டிருந்தேன். நாலாவது குச்சியைப் பின்னாலிருந்து ஒரு கை பிடுங்கியது. அம்மா. விறகில் மேற்பட்டையை உரித்து எறிந்தாள், உள்ளே காய்ந்திருந்த சிம்புகளை மட்டும் கிழித்துக் கூடு மாதிரி அடுக்கினாள், ஒரு குச்சி கிழித்தாள். பற்றிக்கொண்டது. கங்கு விழுந்ததும் மூலையில் கிடந்த தகர மூடியை எடுத்துவரச் சொன்னாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அத்தை கொட்டாங்குச்சியில் கங்கை வாங்கிக்கொண்டு பாதையைக் கடந்து போனார்.

நெருப்பு கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது அம்மாவின் உடம்பிலேயே இல்லாத பழக்கம். மனசு மறந்தாலும் கை மறக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் வந்தார். ஒரே கேள்வி, அதே படி. இரண்டாம் நாளும் அம்மா எழுந்தாள். ஐந்தாம் நாள், எழுந்ததுதான் எழுந்தோம் என்று தேத்தண்ணி வைத்தாள், அத்தைக்கும் ஒரு பேணியில் ஊற்றினாள். ஒரு வாரத்தில் எனக்குத் தலைவாரிவிட்டாள், சிக்கு எடுக்கையில் உயிர் போயிற்று, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை படியிலிருந்து நகர்ந்து உள்ளே வந்து பலகையில் உட்கார ஆரம்பித்தார். கருவாட்டு விலை, மகளின் மாமியார், லாரி வராத பாதை என்று பேசுவார். அம்மா "ம்" என்பாள். பிறகு "ம்ம், அப்புறம்?" என்பாள். ஒருநாள் பெரியம்மாவைப் பற்றி அம்மாவாகவே ஒரு வாக்கியம் சொன்னாள். அத்தை தேற்றவில்லை. "ஒரு கை போன மாதிரித்தான் இருக்குமுங்க அவியளுக்கும்" என்று மட்டும் சொல்லிக் கங்கை ஊதிக்கொண்டிருந்தார்.

ஆனால் அம்மா வாசலைத் தாண்டவில்லை. மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் பாக்கி.

அப்பாவுக்கு இதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. அவர் பார்த்தது, காலையில் தன் வீட்டில் உட்கார்ந்து தன் வீட்டுச் சீனியில் தேத்தண்ணி குடிக்கும் ஒரு கடைக்காரியை.

"தீப்பெட்டி விக்கிறவளுக்கு நெருப்பில்லையாம். பிசினாறி" என்று அன்று சாயங்காலம் என்னிடம் முணுமுணுத்தார். "அவ வந்து குந்திக்கிட்டு வாயடிச்சிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிருது. அவள நிப்பாட்டினாத்தான் ஒங்கம்மா வேலைக்குக் கெளம்புவா." காலையில் ஆள் எண்ணுவதை இங்கே மஸ்டர் என்றாலும், அப்பாவுக்குச் சாகும் வரை அது பெரட்டுதான்.

எப்படி நிறுத்துவது என்பதற்கும் யோசனை வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காசு எடுத்து என் கையில் வைத்தார்.

"நாளைக்கு வெள்ளென மொத ஆளாப் போயி ஒரு தீப்பெட்டி வாங்கு. போணி ஆயிரும்ல? இனிமே நெருப்புக்கு வரவேணாம்னு அப்பா சொன்னாங்கன்னு சொல்லு."

எனக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. அத்தை மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் வீடு போய்விடும் என்ற பயம் இருந்தது, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

மறுநாள் அத்தை கடைப் பலகையை எடுத்துவைக்கும்போதே போய் நின்றேன். தீப்பெட்டி கேட்டேன். காசை வாங்கிப் பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அப்பா சொன்னதை ஒப்பித்தேன். ஒற்றிய கை அப்படியே கன்னத்தருகில் நின்றது.

"சரி கண்ணு" என்றார். "நனையாமப் போ."

வீட்டுக்கு வந்தால் அப்பா மஸ்டருக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்துவிட்டுத் தகர மூடியில் கங்கோடு வாசலில் நின்றாள். எதிரே பார்த்தாள். மழை. கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. கங்கின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படர ஆரம்பித்தது. அம்மா ஊதினாள். மறுபடி படர்ந்தது, மறுபடி ஊதினாள்.

"எங்க இன்னும் காணோம்?"

நான் கையில் இருந்த தீப்பெட்டியைப் பின்னால் மறைத்தேன். மறைத்ததை அவள் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இதோ, மறுபடி சுவரோரம் போய் உட்காரப்போகிறாள், நாம் முகாமுக்குப் போகப்போகிறோம், நான்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பயந்திருக்கிறேன், அந்த மாதிரி பயந்ததில்லை.

அம்மா மூடியைப் பார்த்தாள். அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்தாச்சே" என்றாள்.

ஒரு சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டாள். முந்தானையைக் கங்குக்கு மேலே குடையாகப் பிடித்தாள். வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள். நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அந்தப் பாதை பதினைந்து எட்டுதான் இருக்கும். அம்மா ஏதோ ஆற்றைக் கடப்பவளைப் போலப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

கடையைச் சுற்றிப் பின்கதவு வழியாகப் போனோம். அத்தை அடுப்பின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புதிதாகப் பற்றவைத்த அடுப்பில்லை, அடியில் ஒரு சாண் கங்கு கிடந்தது, பானைத் தண்ணீர் கொதித்துப் பாதி வற்றியிருந்தது.

"போணி ஆயிருச்சாமே" என்றாள் அம்மா.

"ஆயிருச்சுங்க." அத்தை அம்மாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எழுந்து அதை மறைக்கிற மாதிரி நின்றார். "இதுங்க, இப்பத்தான், அந்தப் பெட்டியில ஒண்ணு எடுத்து…"

"நேத்தும் எரிஞ்சிச்சு. முந்தாநேத்தும் எரிஞ்சிச்சு. ஒங்க ஓட்டு மேல பொகை கெளம்புறது எங்க சன்னல்ல தெரியும்."

அத்தை முந்தானையால் புகையை விசிறிவிட்டார்.

"தள்ளுங்க. எடுத்த கங்கு, திருப்பிப் போட மாட்டோம்." அம்மா குனிந்து, எரிகிற அடுப்பிலேயே தன் கங்கையும் கொட்டினாள். மூடியைத் தட்டிச் சாம்பலை உதறினாள். நிமிர்ந்து நின்று, அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தேத்தண்ணி இருக்கா?"

இந்த நாட்டுக்கு வந்து அம்மா வாயைத் திறந்து ஒருவரிடம் கேட்ட முதல் பொருள் அது. அத்தை ஒரு டம்ளரை மூன்று தடவை துடைத்தார்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே மஸ்டர் சங்கு ஊதியது. மஸ்டர் களம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சின்னதப் பாத்துக்கிறீங்களா? வந்திர்றேன்" என்றாள்.

"போயிட்டு வாங்க" என்று அத்தை தங்கச்சியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நானும் கூடவே போனேன். வரிசையில் நின்ற அப்பா எங்களைப் பார்த்தார், அம்மா கையில் தகர மூடியைப் பார்த்தார். அவள் அதைக் கீழே வைக்கவே மறந்திருந்தாள். மேஸ்திரி நோட்டைத் திறந்து பேரைச் சொல்லச் சொன்னார். அம்மா தன் பேரைச் சத்தமாகச் சொன்னாள். பல மாதமாக அந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டிருக்கவில்லை.

அப்பா நினைத்ததுதான் நடந்தது, அவர் நினைத்த காரணத்தால் நடக்கவில்லை. அதை அவர் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டார் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் காட்டிலிருந்து காய்ந்த விறகு ஒரு சுமை கொண்டுவந்தார். எங்கள் வாசலில் இறக்காமல் நேரே கடைக்குப் போய் இறக்கினார். "இருக்கட்டும்ங்க அக்கா" என்றார். நான் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உங்களோடு வந்து உட்கார்ந்தேன். தங்கச்சி கடையில் கருவாட்டு வாசனையில் வளர்ந்தாள்.

போணித் தீப்பெட்டி என் வேர்வையிலும் மழையிலும் ஊறி, மருந்து கரைந்து, ஒரு குச்சிகூடப் பற்றாமல் போயிற்று. நெருப்பு வாங்கும் வழக்கம் நிற்கவில்லை. போணியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை, அத்தை சும்மாவே கொட்டாங்குச்சியோடு வருவார். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும், கங்கு பாதையைக் கடந்து போகும். தகர மூடி துருவேறி ஓட்டை பெரிதாகி, கடைசியில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக்கூட ஆகாமல் எங்கேயோ போய்விட்டது. இப்போது கிடைத்தால் என் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைப்பேன், யார் சிரித்தாலும் சரி.

வேலை கிடைத்து நான் குன்னூருக்கு வந்த பிறகு ஒருமுறை அத்தையிடம் கேட்டேன், எதற்கு அப்படி வந்தீர்கள் என்று.

"உங்கம்மாவ எழுப்பத்தான் கண்ணு. வேறென்னத்துக்கு? சோறு குடுத்தா வாங்கிக்கறாங்க, புத்தி சொன்னாக் கேட்டுக்கறாங்க, எந்திரிக்கமாட்டீங்கறாங்க. சரி, நாம போயிக் கேட்டுப் பாக்கலாம்னு வந்தன்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"என்னைய எழுப்பவா? அவ சொல்றாளா? மூணாம் நாளே பொகையப் பாத்துட்டேன் நான். அடுப்பு எரியிற வீட்டுக்காரி மழையில நனைஞ்சிக்கிட்டு நெருப்புக் கேட்டு வாரான்னா என்னா அர்த்தம்? காலங்காத்தால பேசுறதுக்கு ஆளில்ல. பாவம், அதுக்காகத்தான் நானே எந்திரிச்சேன்."

சாகும் வரை இரண்டு பேரும் அவரவர் பேச்சிலிருந்து இறங்கவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வழி. இல்லாதவருக்குக் கொடுப்பதை நாம் எல்லோரும் செய்கிறோம், நல்லதுதான், நிறுத்த வேண்டாம். எழ முடியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் போய், அவரால் தர முடிந்த ஒன்றைக் கேட்டு, தரும் வரை படியில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். அதுவும் அவர் கை நன்றாக அறிந்த ஒன்றாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் அடுத்த வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன் ஒரு சின்னப் பெண் குடிவந்தாள். திருமணமாகி முதல் முறை மலைக்கு வந்தவள், கணவன் ஃபேக்டரி வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். தினமும் காலையில் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டுவாள்.

"ஏனுங்க ஆன்ட்டி, இந்தக் குளிருக்கு எங்க ஊட்டுல தயிரே உறைய மாட்டீங்குதுங்க. கொஞ்சம் உறைமோர் கெடைக்குமுங்களா?"

தயிரே தொடாதவள், முதல் நாள் இல்லையென்று சொல்லவேண்டியவள், நாளைக்கு வா என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கிக் காய்ச்சி, உறை ஊற்றி, என் வீட்டுக்காரரின் கம்பளிக் குல்லாயைப் பாத்திரத்துக்கு மாட்டி அடுப்படியில் வைக்கிறேன். அவள் வந்தால் ஒரு மணி நேரம் பேசுவாள். நானும் பேசுகிறேன்.

முந்தாநாள் அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேஜை மேல் பெரிய கிண்ணம் நிறையத் தயிர், கத்தியால் வெட்டலாம் போல அப்படி உறைந்திருந்தது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பாவம், சின்னப் பெண், புது ஊர். பேச ஆள் வேண்டாமா? இன்றைக்கும் உறை ஊற்றிக் குல்லாய் மாட்டி வைத்திருக்கிறேன்.